தாய்மாமன் சீரும் பெர்ச்சுமா குக்கரும்

பேரங்காடியில் பணம் கட்டும் இடத்தில் நிற்பவர்கள் இரண்டு வகை. "மெம்பர் கார்டு இருக்கா?" என்று கேட்டதும் "இல்ல" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு வகை. பின்னால் வரிசை எவ்வளவு நீண்டாலும் அசராமல் பணப்பையைத் துழாவுகிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகைக்குச் சங்கம் ஏதும் தொடங்கினால், தலைவர் பதவிக்கு நான் நிற்பேன்.

எனக்குச் சில விதிகள் உண்டு. குடும்பத்தில் யார் எதை வாங்கினாலும் ஒரே உறுப்பினர் எண்ணில் வாங்க வேண்டும். அரிசியும் எண்ணெயும், வாங்கும் காசுக்குக் கடை தரும் புள்ளி இரட்டிப்பாகும் நாளில்தான். புள்ளிக்கு ஆசைப்பட்டுத் தேவையில்லாததை வாங்கக் கூடாது. காலாவதியாகும் முன் புள்ளிகளைப் பயன்படுத்திவிட வேண்டும். இவற்றை ஒவ்வோர் ஆண்டும் நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதிவிடுவேன். (தன் பிறந்தநாள் கடைசிப் பக்கத்தில், அதுவும் பென்சிலில் இருக்கிறது என்பது என் மனைவி சாந்தியின் நெடுநாள் புகார்.)

ஐந்தாவதாக ஒரு விதியும் உண்டு. அதை எழுத வைத்தது என் அக்கா மகள் கவிதாவின் கல்யாணம்.

அத்தான் இறந்த பிறகு அக்கா தனியாகவே கவிதாவை வளர்த்து ஆளாக்கினார். மாப்பிள்ளை வீடு ஷா ஆலமில். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, நீதான் தாய்மாமன். மாப்பிள்ளையோட அப்பா பேச மாட்டாரு, ஆனா ஒன்னு விடாம கவனிக்கிற ஆளு. சீர் விஷயத்துல ஒரு சொல்லு வந்துடக் கூடாதுலா. எம் பொண்ணு போய் வாழணும்."

"கவலைய விடுங்கக்கா. நான் இருக்கேன்ல?" என்றேன். (அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று அப்போது இருவருக்கும் தெரியவில்லை.)

பட்டுச்சேலை, மோதிரம், பழங்கள், பலகாரம் என்று பத்துத் தட்டுகள் சேர்ந்துவிட்டன. சீர்த் தட்டு ஒற்றைப்படையில் இருக்க வேண்டுமே, பதினோராவது தட்டில் என்ன வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பேரங்காடியிலிருந்து கைபேசிக்குச் செய்தி வந்தது. மாதக் கடைசியில் என் புள்ளிகள் காலாவதியாகின்றனவாம். பாதிப் புள்ளிக்கே பெரிய ரைஸ் குக்கராம். இறைவன் இப்போதெல்லாம் குறுஞ்செய்தியும் அனுப்புகிறான் என்று நினைத்துக்கொண்டு, பண்டமாரான் வீட்டிலிருந்து கிள்ளான் கிளைக்குப் பறந்தேன்.

"அங்கிள், லக்கிலா நீங்க! இதான் கடைசி பீஸ்," என்றாள் அங்கிருந்த பெண்.

பழுப்பு அட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து, தூசு படாமல் துணி போர்த்தி அலமாரியின் மேல் வைத்தேன். பிரிக்கவில்லை. முறையாக வாழ்கிறவன் எதையும் அவசரப்பட்டுப் பிரிக்க மாட்டான்.

கல்யாணத்தன்று காலை, பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தின் பின்னறையில் அந்தப் பெட்டியை அறுத்தேன். உள்ளே பளபளப்பான இன்னொரு பெட்டி. அதன் நான்கு பக்கமும், என் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு எழுத்தில், 'பெர்ச்சுமா'. மலாய் மொழியில் இலவசம் என்று அர்த்தம். இந்த நாட்டில் அந்தச் சொல் தெரியாத ஒரு கல்யாண விருந்தாளியும் கிடையாது.

"என்னங்க இது?" என்றாள் சாந்தி.

"இலவசம்னு போட்டிருக்கான்."

"எனக்கும் படிக்கத் தெரியும்லா. குக்கர மட்டும் வெளிய எடுத்து வைங்க."

"பெட்டி இல்லாம வாரண்டி செல்லாது."

சாந்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நாட்குறிப்பில் இடம் போதாது.

வெளியே நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. தாம்பூலத் தட்டிலிருந்து வெற்றிலைகளை உருவி, இருபக்கப் பசைநாடாவால் எழுத்துகளின் மேல் ஒட்டினேன். பச்சைப் பசேலென்று, கோயில் தேர் போல இருந்தது. வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்த வெற்றிலை என்பதை மறந்துவிட்டேன். ஈரத்தில் பசை எவ்வளவு நேரம் நிற்கும்?

முறைப்படி தாய்மாமனான நான் குக்கர் தட்டோடு முன்னால் நடந்தேன். இரு பக்கமும் நின்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று தட்டை உயர்த்திப் பிடித்தேன். பழத்தட்டோடு பின்னால் வந்த சாந்தி, "என்னங்க... என்னங்க..." என்றாள். பெருமை தாங்காமல் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் வந்த வழியெல்லாம் வெற்றிலை உதிர்ந்து கிடந்தது பிறகுதான் தெரிந்தது.

மணவறை முன் மாப்பிள்ளையின் அப்பா நின்றிருந்தார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

"பெர்ச்சுமா," என்று வாய்விட்டுப் படித்தார். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தியதும் அதே நேரத்தில்தான்.

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. மணவறையில் கவிதா தலையைக் குனிந்துகொண்டாள். உயர்த்திப் பிடித்திருந்த தட்டை மெல்ல இறக்கினேன்.

"சம்பந்தி, இத எந்தக் கிளையில எடுத்தீங்க?" என்றார் அவர்.

"கி... கிள்ளான்."

அவர் ஜிப்பாவுக்குள் கையை விட்டுத் தன் பணப்பையை எடுத்தார். செங்கல் போலத் தடித்து, ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. உள்ளே முழுக்க உறுப்பினர் அட்டைகள்.

"இந்தக் குக்கருக்காக நான் வருஷம் பூரா புள்ளி சேத்தேன். ஷா ஆலம்ல ஸ்டாக் இல்லன்னுட்டான். கிள்ளான்ல ஒன்னு இருக்குதுனு கார் எடுத்துக்கிட்டு ஓடுனா, இப்பத்தான் ஒரு அங்கிள் தூக்கிட்டுப் போனாருங்குறா. அந்த அங்கிள் நீங்கதானா!"

"ஐயோ சாமி, இவர மாதிரியே இன்னொன்னா!" என்றது அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல். அவருடைய மனைவி.

மண்டபமே வெடித்துச் சிரித்தது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அத்தான் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சம்பந்தி என் பக்கம் குனிந்தார். "வாரண்டிக்குப் பெட்டி வேணும். நல்லவேள, பிரிக்காம கொண்டாந்தீங்க."

நான் சாந்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பழத்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று நாட்குறிப்பில் எழுதிய ஐந்தாவது விதி: புள்ளிக்கு வாங்கிய பொருளைப் பரிசாகக் கொடுக்கும் முன் பெட்டியைப் பிரித்துப் பார்க்கவும். விதி எனக்கு மட்டும்தான், தண்டனை தலைமுறைக்கும். எந்த விசேஷத்துக்கு நான் எதைக் கொண்டுபோனாலும், வாங்குகிறவர்கள் முதலில் நான்கு பக்கமும் திருப்பிப் பார்க்கிறார்கள்.

குக்கர் இன்றும் உழைக்கிறது. வாரண்டி முடிந்து வெகுகாலமானாலும் பெட்டி கவிதாவின் சமையலறை அலமாரி மேல்தான் இருக்கிறது. எழுத்து வெளியே தெரியும்படி. போன மாதம் அங்கே போயிருந்தபோது, எழுத்துக்கூட்டப் பழகும் அவள் மகள் அண்ணாந்து பார்த்து, விரலால் சுட்டி, "பெர்ச்... சு... மா," என்று படித்தாள். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

"அதுக்கு என்ன அர்த்தம், சொல்லு பாப்போம்?" என்றாள் கவிதா.

குழந்தை யோசிக்கவே இல்லை.

"தாத்தாவோட பேரு," என்று என்னைக் காட்டினாள்.