ஊதி நிறுத்திய ரத்தம்

சூடான டீயை ஊதினால் ஆறும். அடுப்பை ஊதினால் எரியும். ஊதலார் ஊதினால் ரத்தமே நிற்கும்! ஊரே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தது. மூடிக் கிடந்த சினிமா தியேட்டரை அவருக்காகவே திறந்துவிட்டார்கள். காலை ஒன்பது மணிக் காட்சிக்கு பால்கனி வரை தலைகள்.

மேடையில் ஒரு பக்தரின் விரலில் ஊசியால் ஒரு குத்து. சிவப்பாக ஒரு துளி எட்டிப் பார்க்கும். சீடர் துணியைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பார். ஊதலார் கண்ணை மூடி, கன்னத்தை உப்ப வைத்து, ஐந்து நிமிடம் ஊதுவார். துணியைப் பிரித்தால் ரத்தம் இல்லை. கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி கைதட்டல். ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் யார் விரலிலும் நின்றுவிடும் என்று யோசிக்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை.

அந்தக் கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு தையல்காரி ஓடி வந்தாள். கொழுந்தன் போனில் சொன்ன சேதி கேட்டு, கடையைப் பூட்டக்கூட மறந்து வந்தவள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று காலை வீட்டில் ஸ்டூலிலிருந்து முகம் குப்புற விழுந்திருந்தார். இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பதால், ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர். மூக்கிலிருந்து ஒழுகிய ரத்தம் நிற்கவே இல்லை. கூட இருந்த தம்பிக்காரன் அவரை டாக்ஸியில் ஏற்றினான், ஆஸ்பத்திரிக்கு அல்ல, தியேட்டருக்கு.

"அண்ணி, முதல் வரிசையே கிடைச்சிருச்சு!" என்று பல்லைக் காட்டினான் கொழுந்தன்.

"உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா தம்பி? ஆஸ்பத்திரிக்குப் போகாம இங்க என்ன படமா பாக்க வந்தே?"

"கோவப்படாதீங்க அண்ணி. டோக்கன் ஃபார்ம்ல, ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்பிடுறீங்களான்னு ஒரு கேள்வி. ஆமான்னு போட்டா, அடுத்த வாரம் வாங்கன்னு அனுப்பிடுறாங்க. நான் இல்லைன்னு போட்டுட்டேன்!"

பாராட்டை எதிர்பார்த்து நின்றான். அவளுக்கு வேறொன்று உறைத்தது. ஊதுகிறவருக்கு மாத்திரைக் கணக்கு எதற்கு?

ஆம்புலன்ஸுக்கு போன் போட்டாள். பத்து நிமிடம் என்றார்கள். கணவரை முன்னால் சாய வைத்து, மூக்கை அழுத்திப் பிடிக்கும்படி கொழுந்தனிடம் விட்டாள். பத்து நிமிடம் சும்மா இருக்க அவளுக்கு வராது. மேடையில் ஏறிவிட்டாள்.

"அய்யா, அடுத்த ஆளோட சேத்து நானும் குத்திக்கிறேன். எனக்கு மட்டும் ஊத வேண்டாம்."

அடுத்த பக்தருக்குக் குத்திய கையோடு, சட்டென்று தன் விரலிலும் ஊசியைக் குத்தி, துண்டுத் துணியால் அழுத்திக்கொண்டாள். முன்வரிசைக்காரர் ஒருவர் போனில் நேரம் பார்த்தார். நாலாவது நிமிடம் விரலைத் தூக்கிக் காட்டினாள். ரத்தம் இல்லை. பக்கத்தில் பக்தருக்கு இன்னும் ஊதல் நடந்துகொண்டிருந்தது.

"அந்தம்மா மேலயும் காத்து பட்டிருக்கும்!" என்று பால்கனியிலிருந்து ஒரு குரல்.

"இருபது வருஷமா தைக்கும்போது தினம் ரெண்டு தடவை குத்திக்கிறேன். இவர் என் கடைப் பக்கமே வந்ததில்லப்பா!"

தியேட்டரின் ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பியது. அவள் முன்வரிசையைக் காட்டினாள்.

"சரி, இப்ப என் வீட்டுக்காரருக்கு ஊதுங்க."

ஊதலார் கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். அவள் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். உப்பிய கன்னம் பஞ்சர் ஆனது.

"மாத்திரை சாப்பிடுறவனை எவன்டா உள்ள விட்டது?" என்று சீடரைப் பார்த்து அலறினார். "இவனுக்கு நிக்காதுடா!"

கழுத்தில் மாட்டியிருந்த மைக்கை அணைக்க மறந்துவிட்டார். தெய்வ வாக்கு பால்கனி வரை கணீரென்று கேட்டது.

"அடப்பாவி, எங்கப்பாவை மூணு தடவை அடுத்த வாரம்னு அனுப்பினியே!" என்று ஒருவன் நாற்காலி மேல் ஏறினான். ஊதலார் திரைக்குப் பின்னால் ஓடினார். ஓட்டத்தில் மூச்சு வாங்கியது.

ஆம்புலன்ஸ் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று விசாரித்தார், ஸ்கேன் எடுத்தார். தலைக்குள்ளும் கசிவு.

"இந்த மாத்திரையோட வேலையை முறிக்க மாற்று மருந்து இருக்கு. ஒவ்வொரு வகை மாத்திரைக்கும் வேற வேற மருந்து. கசிவு பெருசாகாம தடுக்க உதவும். வேற இடத்துல ரத்தம் கட்டவும் வாய்ப்பு இருக்கு. அதனால பாத்துக்கிட்டே இருப்போம்."

ஊதலார் ஒரு நாளும் 'வாய்ப்பு' என்று சொன்னதில்லை.

மருந்து நரம்பு வழியாக ஏறியது. சாயங்காலம் எடுத்த இரண்டாவது ஸ்கேனில் கசிவு பெரிதாகவில்லை. மெக்கானிக் கண்ணைத் திறந்து தம்பியை முறைத்தார். முறைக்கிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டதே என்று தையல்காரி வாய்விட்டுச் சிரித்தாள்.

கொழுந்தன் நர்ஸிடம் பவ்யமாகப் போய் நின்றான். "சிஸ்டர், இந்த மருந்தைக் கண்டுபிடிச்ச மகான் யாருங்க? படம் கிடைச்சா வீட்ல மாட்டிடலாம்."

"மகானும் இல்ல, ஒருத்தரும் இல்லப்பா. நிறைய பேர் சேந்து செஞ்சது. எத்தனை பேருக்கு ரத்தம் நின்னுச்சு, எத்தனை பேருக்கு நிக்கலன்னு ரெண்டையும் எழுதி வச்சாங்க."

படம் மாட்ட ஆணி தேடுகிற புண்ணியவான்களே, எத்தனை பேருக்கு நிற்கவில்லை என்று முதலில் கேளுங்கள். அதற்கு வாய் திறக்காதவன் விடுவது அற்புதம் அல்ல, வெறும் காற்று.