பேசுபவர் கையாளும் உத்தி யாது?

"அத்தே, நீங்க இப்பச் சொன்னது ஒப்புமை!"

உமாமகேஸ்வரி சந்தோஷத்தில் கத்தியேவிட்டாள். மொட்டைமாடியில் மிளகாய் வத்தலைக் கிளறிக்கொண்டிருந்த மாமியார் நாகலெட்சுமி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"என்னத்தடி சொன்னேன்? எதுத்த வீட்டு மருமக வேலைக்கா போறா, அவ சோறு திங்கலயான்னு கேட்டேன்."

"அதான் அத்தே! அவளையும் என்னையும் ஒண்ணா நிறுத்தி, அவளுக்குச் சரின்னா எனக்கும் சரிங்கிறீகள்ல? அதுக்குப் பேருதான் ஒப்புமை."

ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரத்தில் வங்கித் தேர்வு. ரீசனிங் பகுதியில் உமாவுக்கு மற்றதெல்லாம் வந்துவிடும். ஒரே ஒரு வகைக் கேள்விதான் காலை வாரும். இரண்டு பேர் வாதாடுவார்கள். கீழே 'பேசுபவர் கையாளும் உத்தி யாது?' என்று கேட்டிருக்கும். நான்கு விடைகளும் அவளுக்கு ஒன்றுபோலவே தெரியும். இன்றுதான் முதன்முறையாக, உயிருள்ள ஒரு வாயிலிருந்து வந்த உத்தியை அவள் கையும் களவுமாகப் பிடித்திருந்தாள்.

நாகலெட்சுமிக்கு அந்தச் சந்தோஷம் புரியவில்லை.

"மனசுல உள்ளதச் சொன்னா, இவ பேரு வைக்கிறா" என்று முணுமுணுத்தபடி இறங்கிப் போய்விட்டாள்.

மிளகாய் கமிஷன் கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்த கணவன் தங்கப்பாண்டியிடம் உமா விஷயத்தைச் சொன்னாள்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு? புஸ்தகத்துல உள்ளதத்தான் நீ சொன்னேன்னு நான் புரியவைக்கிறேன்."

அவன் புத்தகத்தை எடுத்துப்போய் அம்மாவின் முன்னால் உட்கார்ந்து, கைக்கு வந்த பக்கத்தைப் பிரித்தான்.

"கேளும்மா. ஊருணியத் தூர்வாரணும்னு ரவி சொல்றான். அதுக்குச் சோமு, 'நீச்சலே தெரியாத நீ ஊருணியப் பத்திப் பேசுறியா'ங்கிறான். விடை என்னன்னா, கருத்துக்குப் பதில் சொல்லாமல் ஆளைத் தாக்குதல்."

நாகலெட்சுமியின் முகம் சுருங்கியது.

"நேத்துக் கொழம்புல புளி கூடன்னு இவ சொன்னா. வெந்நி வைக்கத் தெரியாதவ நீ சொல்றியான்னு கேட்டேன். அதைப் புஸ்தகத்துலயே போட்டுட்டாகளா?"

"அய்யோ அத்தே, இது போன வருசம் அச்சடிச்சது!"

"அப்ப போன வருசத்துல இருந்தே எழுதுறாகளா?"

உமா பதறிப்போய் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னா எல்லாம் சரிதான் அத்தே. நீங்க பெரியவுக."

நாகலெட்சுமி அவளை உற்றுப் பார்த்தாள். "பெரியவ சொன்னா சரின்னு பேசுறதுக்கு என்ன பேரு?"

"பெரியவர் சொன்னார் என்பதையே ஆதாரமாகக் காட்டுதல்" என்று தங்கப்பாண்டி உரக்கப் படித்தான். உமா அவன் தொடையில் கிள்ளுவதற்குள் அவன் படித்து முடித்திருந்தான்.

அதோடு நாகலெட்சுமி பேச்சை நிறுத்திவிட்டாள். உமா கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், பதில் இருக்காது. வாயைத் திறந்தால் பேர் வைத்துவிடுவார்களோ என்று பயந்த மாதிரி இருந்தது. உமாவும் தங்கப்பாண்டியும் கேள்விகளை உரக்கப் படிக்கும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருப்பாள்.

சனிக்கிழமை காலை, கையில் ஒரு பையோடு வாசலில் நின்றாள்.

"உத்தரகோசமங்கைக்கு, உன் தங்கச்சி முருகலட்சுமி வீட்டுக்குப் போறேன்" என்று மகனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உமா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விடிந்தால் தேர்வு. பிள்ளை தனுஷ் அம்மாவை விட்டால் அப்பத்தாவிடம்தான் இருப்பான். மதியம் வரை தங்கப்பாண்டி தூக்கிப் பார்த்தான். பிள்ளை தெருமுனை வரை கேட்கிற மாதிரி வீறிட்டான்.

பிள்ளைக்காக மட்டும் அவள் கலங்கவில்லை. வேலை எதற்கு என்று வாய் சொன்னாலும், உமா புத்தகத்தை எடுத்த நேரமெல்லாம் கேட்காமலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவள் அந்த மாமியார்தான்.

"எனக்குப் பரீட்சையே வேணாம். நீங்க போயி அத்தையக் கூட்டியாங்க" என்று உமா அழுதாள்.

"இப்ப நீ அழுகுறது என்ன உத்தி?" என்று கேட்டான் தங்கப்பாண்டி. அவள் பார்த்த பார்வையில் சட்டையை மாட்டிக்கொண்டு பைக் சாவியைத் தேடினான்.

அதற்குள் உமாவின் போன் அடித்தது. நாத்தனார் முருகலட்சுமி.

"முருகு, நான் வேணும்னு பண்ணல. நான் மன்னிப்புக் கேட்டேன்னு அத்தைகிட்டச் சொல்லு" என்றாள் உமா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"சாயங்கால பஸ்ல அம்மாவே வாரேன்னுச்சு மதினி. நாளைக்குப் புள்ளையத் தூக்கிக்கிட்டு உங்க கூடவே பரீட்சைக்கு ராம்நாடு வருதாம்."

"அப்ப கோவம் போயிருச்சா?"

"கோவமா? என்னைய மறுபடி நர்ஸ் வேலைக்கு விடமாட்டேன்னு மூணு வருசமா எங்க வீட்டுக்காரரு பேசின பேச்சுக்கெல்லாம் அம்மா வந்து ஒண்ணொண்ணா பேரு சொல்லுச்சு மதினி. மனுசன் வாய மூடிக்கிட்டு, இப்ப என் சர்ட்டிபிகேட்டத் தேடிக்கிட்டு இருக்காரு!"