மைக் மாமா என்னைத் தூங்க வைத்த கதை

கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறினாலும் அசையாத எருமைகள்கூட, மைக் மாமா வாயைத் திறந்தால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். குமராட்சிப் பக்கம் அப்படியொரு குரல் அதற்கு முன்னும் இருந்ததில்லை, இனியும் வரப்போவதில்லை.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. ஆட்டோவின் தலையில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, ஊர் ஊராக அறிவிப்புச் சொல்வதுதான் தொழில். ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்கெல்லாம் சிதம்பரத்திலிருந்து வேறு ஆள் வருவான். இவருக்கு வருவது ஒன்று சாவு, இல்லையென்றால் வெள்ளம். எதையும் இரண்டு தரம் சொல்வார். டீக்கடையில்கூட, "சக்கர கம்மியா ஒரு டீ. சக்கர கம்மியா ஒரு டீ" என்பார். புதிதாக வந்த மாஸ்டர் இரண்டு டீ போட்டு வைத்துவிட்டு முழிப்பார்.

எனக்குக் குடலிறக்கம். நெல் மூட்டை தூக்கித் தூக்கி வந்தது. கடலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். ஆனால் கையில் அந்தப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாலே எனக்கு பிரஷர் எகிறிவிடும். மாத்திரை போட்டும் இறங்கவில்லை. "பயத்தக் குறைங்க. பிரஷர் எறங்குனாத்தான் ஆபரேஷன். குடல் மாட்டிக்கிச்சுன்னா உயிருக்கே ஆபத்து" என்று சொல்லி டாக்டர் திருப்பி அனுப்பினார். பயத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் அதையும் சொன்னால் எப்படிக் குறையும்?

விஷயம் கேள்விப்பட்டு மாமா செல்போனோடு வந்தார். அதில் ஒரு ஆப். காதில் மாட்டிக்கொண்டு படுத்தால், ஒரு பெண் இங்கிலீஷில் மெல்லப் பேசிப் பேசி, நம்மை நாமே மயக்கிக்கொள்ள வைப்பாளாம். தான் கொஞ்சமாவது தூங்குவது அவள் புண்ணியத்தில்தான் என்றார். அவருக்கும் என்னைப் போல அஞ்சாம் வகுப்புதான்.

"அது பேசுறது புரியுதா மாமா?"

"புரிஞ்சா யோசன வந்துடும் மாப்ள. புரியாததாலதான் தூக்கமே வருது." இதையும் இரண்டு தரம் சொன்னார்.

எனக்கு வரவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் காதுக்குள் கிசுகிசுக்கிறாள். பக்கத்தில் என் மனைவி மல்லிகா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். எனக்கு வியர்த்துக் கொட்டியது. யார் அவள், என்ன சொல்கிறாள் என்று மல்லிகா கேட்டாள். அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியாது.

கடைசியில் மாமா, தானே தமிழில் பேசிப் பதிந்து தருவதாகச் சொன்னார். கையில் மைக் இல்லாமல் அவருக்குக் கோர்வையாகப் பேச்சு வராது. அதனால் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி, அதற்குள் உட்கார்ந்தே பதிந்தார். ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டார்.

"கால் கனமாவுது. கால் கனமாவுது. ஒடம்பு மெல்ல அமுங்குது. ஒடம்பு மெல்ல அமுங்குது."

அவர் என்ன சொல்கிறார் என்று யார் நின்று கேட்டார்கள்? குரல் போதும். பக்கத்து வீட்டில் ஆட்டை அவிழ்த்தார்கள். எதிர்வீட்டில் அரிசி மூட்டை பரணுக்கு ஏறியது. மல்லிகாவின் தம்பி ரேஷன் கார்டைப் பனியனுக்குள் செருகிக்கொண்டு பைக்கை உதைத்தான். சித்திரை மாத வெயில். வானத்தில் கைக்குட்டை அளவு மேகம் இல்லை. "காலு கனமாவுதுன்னா சேறு ஜாஸ்திபோல" என்று சொல்லி ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

அந்தப் பதிவைத்தான் நான் காதில் மாட்டிக்கொண்டு படுத்தேன். "கண்ணு மூடுது" என்று அவர் சொன்னபோது எழுந்து நின்றிருந்தேன். கையில் வீட்டுப் பத்திரம் இருந்த பை. அதை எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த வாரம் கடலூரில் பார்த்தபோது, பிரஷர் முன்னைவிட ஏறிப்போயிருந்தது. மறுபடியும் திருப்பி அனுப்பினார்கள். சிதம்பரம் வரும்வரை பஸ்ஸில் அடிவயிற்றைக் கையால் தாங்கியபடியே வந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும், மாட்டிக்கொண்டதோ என்று உயிர் போய் உயிர் வந்தது.

அந்தப் பஸ்ஸில்தான் ஒன்று ஞாபகம் வந்தது. அதே குரலில் நான் பயப்படாத அறிவிப்பும் ஒன்று உண்டு. வெள்ளத்தின்போது எல்லாரும் பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடப்போம். பொட்டலச் சோறு, ஈரத்துணி, எந்த மூலையில் பாம்பு இருக்குமோ என்ற திகில். ஒருநாள் காலையில் மாமாவின் ஆட்டோ வரும். அவர் சொல்வதைக் கேட்டதும், அங்கே இருக்கும் அத்தனை பேருடைய தோளும் ஒன்றாக இறங்கும்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், டீக்கடையில் அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, தண்ணி வடிஞ்சா வந்து சொல்லுவீங்களே, அதப் பதிஞ்சு குடுங்க."

டீயைக் கீழே வைத்தார். ஆட்டோவுக்குப் போனார். இந்தத் தடவை ஸ்பீக்கரை அணைத்தார்.

"தண்ணி வடிஞ்சிடுச்சு. எல்லாரும் அவுங்கவுங்க வூட்டுக்குப் போவலாம்."

வழக்கம்போல இரண்டு தரம். மாத்திரையோடு அதையும் தினமும் கேட்டேன். அடுத்த முறை கடலூருக்கு மாமாவும் துணைக்கு வந்தார். பட்டையைச் சுற்றுவதற்கு முன்பு வரை அவர் குரல் என் காதில் இருந்தது. நர்ஸ் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு, இறங்கிவிட்டது என்றார்.

ஆபரேஷன் முடிந்து நான் கண் திறந்தபோது, கட்டிலோரம் மாமா உட்கார்ந்திருந்தார். காதில் அந்த இங்கிலீஷ்காரி. கண்கள் மட்டும் சிவந்து திறந்தே கிடந்தன. மயக்க மருந்தில் என் கூச்சமும் கொஞ்சம் மரத்துப்போயிருந்தது. அப்படி எதனால்தான் தூக்கம் வருவதில்லை என்று கேட்டுவிட்டேன்.

அவர் மெல்லச் சொன்னார். முதல்முறையாக, ஒரே ஒரு தரம்.

"தண்ணி வருதுன்னு தெருத்தெருவா சொல்லிட்டு வந்துடறேன் மாப்ள. வந்து படுத்தா, கடேசி வூட்டுல எவுனுக்காவது காதுல வுழாம போயிருக்குமோன்னு திக்குங்குது."

அவர் போனைக் கேட்டு வாங்கினேன். பதியும் பொத்தானை அவரையே அமுக்கச் சொன்னேன். வார்டே திரும்பிப் பார்த்தது. தையல் இழுத்தது. அவ்வளவு சத்தமாக என் வாழ்நாளில் நான் பேசியதில்லை.

"எல்லாருக்கும் கேட்டுச்சு மாமா. எல்லாருக்கும் கேட்டுச்சு."