முழு மார்க் வாங்கிய புத்தகம்

புத்தகங்களுக்கும் பரீட்சை உண்டு என்பது அந்தச் சுற்றறிக்கையைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். எங்கள் தெருக்கோடி நூலகத்தின் கதவில் நாலு ஓரமும் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். "பொழுதுபோக்கு மற்றும் தனித்துறை சார்ந்த நூல்கள் அலமாரிகளில் கணிசமான இடத்தை ஆக்கிரமித்து வருவது மேலிடத்தின் கவனத்திற்கு வந்துள்ளது. மேற்படி நூல்கள் வைத்திருக்கத் தகுந்தவைதாமா என வாசகர்களைக் கொண்டே மதிப்பிட்டு, தகாதவற்றை அகற்றுமாறு இதன்மூலம் ஆணையிடப்படுகிறது."

புத்தக அலமாரியில் புத்தகம் இடத்தை அடைப்பது ஒரு குற்றம் என்று அதுவரை எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றியதில்லை. மேலிடத்தில் இருப்பவர்களுக்குத்தான் அப்படியெல்லாம் தோன்றும்.

படித்ததும் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. காரணம் ஒரே ஒரு புத்தகம். தையல் மெஷின் பழுதானால் நாமே எப்படிச் சரிபண்ணிக்கொள்வது என்று சொல்கிற புத்தகம். நான் ஒரு விடுதிக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கிறேன். சனிக்கிழமை தவறாமல் உறை போய்ச் சேர வேண்டும். ஒரு சனிக்கிழமை தவறினாலும் வேலை வேறு வீட்டுக்குப் போய்விடும். என் மெஷினோ மாதத்துக்கு ஒருதரம் முரண்டு பிடிக்கும். தையல் விட்டு விட்டு விழும். உடனே ஓடிப்போய் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து, அறுபத்து நாலாம் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொள்வேன். ஊசி மேலே ஏறும்போது அடியில் இருக்கிற கொக்கி சரியாக எந்த இடத்தில் நூலைப் பிடிக்கணும் என்று படத்தையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்துத் திருகாணியை முடுக்குவேன். பாப்பா தூங்கி எழுவதற்குள் மெஷின் ஓடிவிடும்.

"அந்தப் பக்கத்தை போன்ல எடுத்து வெச்சுக்கயேன்" என்றார் என் வீட்டுக்காரர். எடுத்தோம். எங்கள் போனில் ஊசி, நூல், கொக்கி மூன்றும் ஒரே கறுப்பாக விழுந்தன. பாப்பாவின் தலைமுடியைப் படம் பிடித்த மாதிரி இருந்தது.

நூலகர் அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"அம்மா, மெஷின் புத்தகத்தை எடுத்துடுவாங்களா?"

"அதைக் குழு முடிவு பண்ணும்."

"குழுவில யாரு இருக்காங்க?"

"நீ இருக்கே."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை.

"அஞ்சாம் வகுப்புக்கு மேல் படிக்காத பொது வாசகர், பெண், ஒருவர்னு கேட்டிருக்காங்க. இங்க வர்றதுல நீ ஒருத்திதான் அப்படி. பேரை எழுதி அனுப்பிட்டேன்."

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுன்னுதானே எழுதியிருக்கேன்!"

வருத்தப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. கடைசியில் சந்தோஷம்தான் ஜெயித்தது. மார்க் போடப்போவது நானே என்றால் என் புத்தகத்தை யார் அசைக்க முடியும்?

மதிப்பீட்டு நாளன்று அதிகாரி ஒரு பெட்டியோடு வந்தார். பெட்டிக்குள் ஒரு தராசும் ஒரு அளவுகோலும் இருந்தன. குழுவில் என்னைத் தவிர இன்னும் இரண்டு பேர். ஒருவர் கடைத்தெருவில் கடிகாரம் ரிப்பேர் செய்கிற அண்ணன். இன்னொருவர் பென்ஷன் ஐயா. என்ன வேலையிலிருந்து ஓய்வு பெற்றார் என்று யாருக்கும் தெரியாது; ஓய்வு மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

அதிகாரி ஆளுக்கொரு உறுதிமொழித் தாள் கொடுத்தார். 'இத்துறையில் எனக்கு எவ்வித அறிவும் இல்லை என்று உளமார உறுதி கூறுகிறேன்' என்று அச்சடித்திருந்தது.

"மதிப்பிடறவங்க நடுநிலையா இருக்கணும்" என்றார். "ஒரு விஷயம் தெரிஞ்சவங்களால அந்த விஷயத்துல நடுநிலையா இருக்க முடியாது. அதனால அவங்கவங்களுக்குத் தெரியாத புத்தகத்தை மட்டும்தான் அவங்கவங்க பாக்கணும்."

கடிகார அண்ணன் தலையைச் சொறிந்தார். "சார், கடிகாரப் புத்தகத்தை நான் பாத்தா, அதுல தப்பு இருந்தாச் சொல்லுவேனே?"

"அதான் சார் ஆபத்து. தப்பைக் கண்டுபிடிச்சிட்டீங்கன்னா அது பாரபட்சம் ஆயிடும்."

பென்ஷன் ஐயா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நான் கையெழுத்துப் போட மாட்டேன். எனக்குத் தெரியாத விஷயம்னு ஒண்ணு இருந்தாத்தானே போடறதுக்கு?"

அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ரொம்ப நேரம் புரட்டினார். "அப்படீன்னா நீங்க எந்தப் புத்தகத்தையும் தொடக்கூடாது ஐயா. நீங்க தலைவரா இருந்துடுங்க."

ஐயா மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அந்தப் பொறுப்பைச் சாயங்காலம் வரை எந்தக் குறையும் இல்லாமல் நிறைவேற்றினார்.

நான் மட்டும் முழித்துக்கொண்டு நின்றேன். மெஷின் புத்தகம் என் கைக்கு வராது என்று அப்போதுதான் உறைத்தது. அது கடிகார அண்ணனின் அடுக்கில் இருந்தது. மேலிருந்து ஆறாவது.

மார்க் போட ஐந்து தலைப்பு. அட்டையின் கம்பீரம், எடை, படங்களின் வண்ணம், கறையின்மை, பொருளடக்கம். பொருளடக்கம் என்றால் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். தலைப்புக்கு இருபது மார்க். உள்ளே எழுதியிருப்பது சரியா என்று கேட்கிற தலைப்பு எதுவும் இல்லை. சரியா தப்பா என்று தெரிந்தவர்கள்தான் சொல்ல முடியும், தெரிந்தவர்கள் சொல்லக்கூடாது.

எனக்கு முதலில் வந்தது தேனீ வளர்ப்பு. எடுக்கும்போதே கையில் ஒட்டியது.

"சார், பிசுபிசுங்குது."

"கறையின்மை, பூஜ்யம்."

"அட்டையில பாதி இல்ல."

"கம்பீரம், பூஜ்யம். எடை?"

தராசில் வைத்தேன். முள் அசைந்தமாதிரியும் இருந்தது, அசையாதமாதிரியும் இருந்தது. பொருளடக்கப் பக்கத்தை யாரோ கிழித்திருந்தார்கள். மொத்தம் நாலு மார்க் தேறியது. ஒரு புத்தகம் இவ்வளவு அழுக்காவதற்கு எத்தனை பேர் எத்தனை வருஷம் பாடுபட்டிருக்கணும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அதற்குத் தலைப்பு இல்லை. அடுத்ததை எடுத்தேன்.

அடுத்தது கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பு. பெரிய புத்தகம், தூக்கினால் பாப்பாவைத் தூக்கின கனம். வாங்கின நாளிலிருந்து பிளாஸ்டிக் உறையே பிரிக்கவில்லை.

"பிரிக்கலாமா சார்?"

"உறை அரசு உடைமை. பிரிக்க அனுமதி வாங்கணும்."

"பிரிக்காம உள்ள எப்படிப் பாக்கறது?"

"பாக்க முடியாது. பாக்க முடியாததுக்கு மார்க் போட முடியாது. பூஜ்யம்னு போடும்மா."

மூன்றாவதாகக் கடிகாரப் பழுது என் கைக்கு வந்தது. அதே நேரத்தில் எதிரே அண்ணன் ஆறாவது புத்தகத்தை எடுத்தார். நேராக அறுபத்து நாலாம் பக்கத்தில் பிரிந்து விழுந்தது. என் விரல் பட்ட எண்ணெய் வட்டம் வட்டமாக அங்கிருந்தே தெரிந்தது.

"ச்சே, ஒரே எண்ணெய்" என்று அண்ணன் பேனாவை எடுத்தார். அப்போதுதான் என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். அதிலும் எண்ணெய்.

பேனா பிடித்த கையை அப்படியே இறக்கினார்.

"தங்கச்சி" என்றார், அதிகாரி காதில் விழாமல். "அதை வெச்சுத்தான் நான் கடையே நடத்துறேன்."

"அண்ணே, உங்க கையில இருக்கறது எங்க வீட்டு அடுப்பு."

"எத்தனை போடட்டும்?"

"நீங்க எத்தனை போடுவீங்க?"

"நூறு."

"அப்ப நானும் நூறு."

கறைக்கு என்ன சொல்வது? அண்ணன் கெட்டிக்காரர். 'எண்ணெய்ப் பூச்சு இந்நூலைப் பூச்சி அரிக்காமல் பாதுகாக்கிறது' என்று எழுதினார். நானும் அதையே எழுத்துக் கூட்டிப் பார்த்து எழுதினேன். தலைவர் கண்ணைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை முடிவை ஒட்டினார்கள். நாற்பத்தொரு புத்தகத்தில் இரண்டுதான் நூற்றுக்கு நூறு. பாப்பாவைத் தூக்கிச் சுற்றினேன். அன்றைக்கென்று மெஷினும் தையல் விட ஆரம்பித்திருந்தது. நல்ல வேளை என்று நேரே அலமாரிக்குப் போனேன். புத்தகம் இருந்த இடத்தில் இடம் மட்டும்தான் இருந்தது.

"அம்மா, என் புத்தகம் எங்க? அதான் பாஸாயிடுச்சே!"

"பாஸானதாலதான் இல்ல" என்றார் நூலகர் அம்மா. "நூறு வாங்கினது 'நிகரற்ற நூல்' ஆயிடுச்சு. தலைமை அலுவலகத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்காங்க."

"பெட்டிக்குள்ள வெச்சா யாரு படிப்பாங்க?"

"யாரும் படிக்க மாட்டாங்க. அப்பத்தானே கெடாம இருக்கும்?"

வெளியே வந்தேன். வாசலில் ஒரு பலகை: 'தகாத நூல்கள். வேண்டுவோர் எடுத்துச் செல்லலாம்.' கும்பலாகக் கூடி அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் பிசுபிசுப்பான ஒரு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்.

"நாலு மார்க் போட்டது நீங்கதானாமே! புண்ணியமாப் போகும்மா. எட்டுக் கூடு தேனீ வெச்சிருக்கேன். பதினோரு வருஷமா இதை இரவல் வாங்கி வாங்கித் தேஞ்சு போயிட்டேன். இனிமே என்னுது!"

"சரிங்க ஐயா."

"அடுத்த வருஷம் தச்சு வேலைப் புத்தகம் மார்க் போட வருமாம். கூடு செய்யறதுக்கு வேணும். அதுக்கும் கொஞ்சம் பாத்து, மோசமாப் போடுங்கம்மா."

எனக்கு விஷயம் புரிந்து முடிவதற்குள் குவியல் காலி. ஒன்றே ஒன்று கிடந்தது. மீன் புத்தகம். கனமாக இருக்கிறது என்று யாரும் தூக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் கடிகார அண்ணனும் நானும் தலைமை அலுவலகத்துக்குப் பஸ் ஏறினோம். பாப்பா என் இடுப்பில். கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டி. மேலே ஒரு விளக்கு. உள்ளே பட்டுத்துணி விரிப்பில் எங்கள் இரண்டு எண்ணெய்ப் புத்தகங்களும் திறந்தபடி கிடந்தன. என்னுடையதில் பன்னிரண்டாம் பக்கம் தெரிந்தது. மெஷினைத் தூசி தட்டுவது எப்படி என்கிற பக்கம்.

எங்கள் அதிகாரி அங்கேதான் இருந்தார்.

"சார், நாங்க போட்ட மார்க்கைக் கொஞ்சம் குறைச்சுக்கறோம்" என்றார் அண்ணன்.

"குறைக்கணும்னா புத்தகம் மோசமாகியிருக்கணும். பெட்டிக்குள்ள இருக்கறது எப்படி மோசமாகும்?"

"வெளியில எடுத்துக் குடுங்க சார். அஞ்சு நிமிஷத்துல நானே மோசமாக்கித் தர்றேன்."

அதிகாரி சிரிக்கவில்லை. "மக்களுக்குப் பயன்படணும்னுதானே திறந்து வெச்சிருக்கோம்? திங்கட்கிழமை தோறும் கையுறை போட்டு ஒரு தாள் திருப்பறோம்."

நான் விரல்விட்டு எண்ணினேன். இருபத்தாறு திங்கட்கிழமை. "அரை வருஷம் ஆகும் சார். சனிக்கிழமை உறை குடுக்கணும்."

"அரை வருஷம் ஒரு காலமாம்மா? சில ஆணை வர்றதுக்கே அதுக்கு மேல ஆகும்."

அதற்குள் எங்கள் முதுகுக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. நூறு மார்க் புத்தகத்தோடு படம் எடுத்துக்கொள்வது இப்போது நாகரிகமாம். புதுக் கல்யாண ஜோடி ஒன்று, "கொஞ்சம் தள்ளிக்கறீங்களா, கண்ணாடியில உங்க குழந்தையோட நிழல் விழுது" என்றது. தள்ளிக்கொண்டோம். வாசகர் வருகை பல மடங்கு பெருகியுள்ளது என்று அதிகாரி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை உறை போகவில்லை. அடுத்த சனிக்கிழமை விடுதி வேலை வேறு வீட்டுக்குப் போனது.

மெஷின் சும்மா கிடந்ததால் அதன் மேல் மீன் புத்தகத்தை நிமிர்த்தி வைத்தேன். அட்டையில் தங்கநிற மீன் ஒன்று வாயைத் திறந்தபடி வாசலைப் பார்க்கும். பிளாஸ்டிக் உறையைப் பிரித்து ஒருதரம் முகர்ந்து பார்த்ததோடு சரி, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. ஆனால் அதுக்கப்புறம் வீட்டுக்கு வருகிறவர்கள் பேசுகிற தோரணையே மாறிவிட்டது. "இதெல்லாம் படிப்பியா நீ?" என்று நாத்தனார் வாயைப் பிளந்தாள். என் வீட்டுக்காரர் யார் வந்தாலும் அதைத் தூக்கிக் காட்டி, "கனத்தைப் பாருங்க" என்பார். நான் தினமும் துணியால் துடைத்து வைப்பேன்.

போன வாரம் மாடி வீட்டு அக்கா படபடவென்று இறங்கி வந்தாள். அவள் வீட்டில் உண்மையாகவே மீன் தொட்டி இருக்கிறது.

"அடியே, அந்த மீன் புத்தகத்தை ரெண்டு நாள் குடேன். நேத்து மூணு மெதந்துச்சு. இன்னைக்கு ரெண்டு. எம் பொண்ணு அழுது அழுது காய்ச்சலே வந்துடுச்சு."

நான் அவள் கையைப் பார்த்தேன். முழங்கை வரை ஈரம்.

"தண்ணிக் கையோட வந்திருக்கீங்களே அக்கா!"

"தொட்டியிலிருந்துதானே வர்றேன்? துடைச்சிக்கறேன், குடு."

"அட்டை இன்னும் மடங்கக்கூட இல்லக்கா. உங்க வீட்டுக்குக் கொண்டுபோனா தொட்டி பக்கத்துல வெப்பீங்க. தெறிக்கும்."

"பின்ன மீன் புத்தகத்தை எங்கடி வெக்கறது, பீரோவிலயா?"

"இங்கயே நின்னு பாருங்க. நான் பக்கம் திருப்பறேன்."

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு புத்தகத்தைப் பிரித்துப் பிடித்தேன். முதல் தாளில் ஒரு பெரிய கடல் படமும் நன்றியுரையும் இருந்தன. அக்கா எட்டி எட்டிப் பார்த்தாள்.

"இது இல்லடி. நோய் வந்தா என்ன பண்றதுன்னு பின்னாடி இருக்கும். சட்டுனு திருப்பு!"

"இப்படிப் புரட்டினா தையல் விட்டுடும்க்கா. நாளைக்கு வாங்க. அடுத்த தாள் காட்டறேன்."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். ஏன் அப்படிப் பார்த்தாள் என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அலுவலகத்தில் வாரத்துக்கு ஒரு தாள்தான் திருப்புகிறார்கள். நான் தினமும் ஒன்று திருப்புகிறேன் என்கிறேன்.