மஸ்டர் அக்கா தடை போட்ட வார்த்தை

சீக்காளிகளை வரிசையில நிறுத்தி அட்டெண்டன்ஸ் எடுத்து, வாந்தி எடுத்துட்டு வந்தவனைக்கூட "ஏன் லேட்டு?"ன்னு கேட்ட ஒரே மனுசி இந்தப் பூலோகத்துல எங்க மஸ்டர் அக்காதான். வேற யாராச்சும் இருந்தா எழுதிப் போடுங்க, நான் தோத்ததா ஒத்துக்கறேன்.

எனக்கு ஊரு கேரளாவுக்குள்ள, எல்லையோரம் கோபாலபுரமுங்க. கழுத்துல ஒரு கட்டி வந்துச்சு. சுண்டைக்காயாட்டம் இருந்தது எலுமிச்சங்காய் ஆனப்பறம்தான் கோயம்புத்தூருக்குப் போனேன். டாக்டர் பாத்துட்டு கீமோன்னு சொல்லிட்டாரு. மருந்து ஏத்தற எடத்துல பக்கத்து நாற்காலியில அகளியில இருந்து வந்த ஒரு டீச்சரம்மா உக்காந்திருந்தாங்க. நான் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கறதைப் பாத்துட்டு, "போனைக் குடுங்க"ன்னு வாங்கி, 'நம்ம வார்டு'ங்கற வாட்ஸப் குரூப்புல என்னைச் சேத்து விட்டுட்டாங்க. அத்தனை பேரும் கீமோ எடுக்கறவங்க, இல்லாட்டி எடுத்து முடிச்சவங்க. அட்டப்பாடி, சித்தூர்ப் பக்கம், இடுக்கி மலைன்னு கேரளாவுக்குள்ள இருக்கற தமிழ்க்காரங்க.

மறுநாள் விடிஞ்சும் விடியாம போன்ல ஒரு பொம்பளைக் குரல், கோயில் ஸ்பீக்கராட்டம். "மஸ்டர்... மஸ்டர்... அகளி வந்தாச்சா? மூணாறு? புதுசா ஒரு கோபாலபுரம் வந்திருக்காகளாம், எங்க அவரு? இன்னும் தூங்குதாரா?"

பதறி எந்திரிச்சு உக்காந்தேன். என்னுங்க இதுன்னு டீச்சரைக் கேட்டேன். "பயப்படாதீங்க, அவங்கதான் மஸ்டர் அக்கா. 'ஹாஜர்'னு சொல்லிடுங்க, விட்டுருவாங்க"ன்னாங்க.

தேயிலை எஸ்டேட்ல காலையில ஆளுகளை நிறுத்திப் பேர் கூப்புட்டு, இன்னார் இந்தக் காட்டுக்குன்னு வேலை பிரிச்சு விடறதுக்கு மஸ்டர்னு பேரு. அக்கா காலமெல்லாம் சூப்பர்வைசரா இருந்து மஸ்டர் எடுத்தவங்க. ரிட்டயராகி, இடுக்கி ஆனைக்கரையில ஏலக்காய்த் தோட்டம் வச்சிருக்கற மகள் ஊட்டுக்கு வந்தாங்க. வந்த எடத்துல அவங்களுக்கும் இந்தச் சீக்கு வந்துருச்சு. எஸ்டேட்டை விட்டு வந்தாலும் மஸ்டரை விட முடியலை. எங்க குரூப்பு வாகா மாட்டிக்கிச்சு.

யாருக்கும் பேர் கிடையாது, ஊர்தான். பேர் கூப்புட்டு முடிஞ்சதும் வேலை பிரிப்பாங்க. "கோபாலபுரம், இன்னிக்கு உமக்குத் தண்ணி குடிக்கிற வேல. வேற ஒரு மண்ணும் பண்ணாண்டாம். அகளி, வாசல்ல நடங்க, மூச்சு வாங்குனா உக்காருங்க. மூணாறு, அழுகை வந்தா அழுங்கய்யா, யாரு வேண்டாங்குதா? சாப்ட்டுட்டு அழுங்க." மூணாறுங்கறது ஒரு ஜீப் டிரைவர். அவரு நெசமாவே இட்லியத் தின்னுட்டு அழுதுட்டு, "அழுதாச்சுக்கா"ன்னு ரிப்போர்ட் குடுப்பாரு.

எனக்கு முடி கொட்டினது பெருசாத் தெரியலீங்க, எப்பிடியும் பாதி போயிருந்துச்சு. ஆனா மீசை போனது தாங்கலை. எங்க பக்கம் சந்தையில மாடு புடிக்கப் போனா மீசையப் பாத்துத்தான் வெலை சொல்லுவான். ஒருநாள் மூஞ்சி கழுவறப்ப அது பாட்டுக்குக் கையோட வந்துருச்சு. குரூப்புல பொலம்பினேன். அக்கா சொன்னாங்க: "கவாத்து வெட்டியிருக்குய்யா. தேயிலைச் செடிய மொட்டையா வெட்டி விடலேன்னா கொழுந்து எங்கருந்து வரும்? கவாத்துக் காட்டுல நின்னு யாராச்சும் ஒப்பாரி வைப்பாகளா?" அன்னையில இருந்து குரூப்புல மொட்டைத் தலைக்குக் கவாத்துன்னே பேராயிருச்சு. "எனக்குக் கவாத்து ஆரம்பிச்சிருச்சு"ன்னு புதுசா வர்றவங்க போட்டோ போடுவாங்க, நாங்க எல்லாம் கை தட்டுவோம்.

அடுத்தது நாக்கு. எதைத் தின்னாலும் துருப்புடிச்ச ஆணிய நக்கறாப்பல இருந்துச்சு. எங்க ஊட்டுக்காரி ஆசையா வச்ச கொள்ளு ரசத்தைக் குடிச்சுட்டு, "மோட்டார் ரூம் வாசம் அடிக்குது"ன்னு சொல்லித் தொலைச்சுட்டேன். அவ அன்னிக்கு முழுக்க என்கூடப் பேசலை. அக்காவுக்கு எப்பிடியோ சேதி போயி, அவளுக்குன்னு தனியா ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. "தாயி, உம் வீட்டுக்காரரு நாக்கு லீவுல இருக்கு. அது சொல்லுதத நம்பாத. ரசத்த ஆற வச்சுக் குடு, சூடு கொறைஞ்சா வாசமும் கொறையும். கொஞ்சம் கொஞ்சமாக் குடு. வாய்ப்புண்ணு வந்தா டாக்டர்ட்ட கேளு, ஊர்ல கேக்காத." ஊட்டுக்காரி அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டா. நான் பேசி இத்தனை வருசத்துல அப்பிடி ஒருக்காக் கேட்டதில்லை.

டாக்டர்ட்ட கேளுங்கறதுதான் அக்காவோட வேதம். எவனாச்சும் குரூப்புக்குள்ள பூந்து, இந்தத் தழையக் குடிச்சா கட்டி கரைஞ்சுரும், அந்த வேரைத் தின்னா கீமோவே வேண்டாம்னு அனுப்பினா, அவனுக்கு அக்கா வச்ச பேரு அட்டை. மலையில அட்டை கடிச்சா உப்பு வைப்பாங்க, சுருண்டு விழுந்துரும். அப்பிடி ஒருத்தன் வந்த கொஞ்ச நேரத்துல, "அட்டைக்கு உப்பு வச்சாச்சு"ன்னு அக்கா குரல் கேக்கும். குரூப்பை விட்டே ஆளைத் தூக்கியிருப்பாங்க. என்ற பெரியப்பன் மகனையே உப்பு வச்சுத் தள்ளிட்டாங்க.

இனித்தான் விசயமே. எங்க பக்கம் ரெண்டு பாசையும் கலந்தேதான் ஓடும். ஊட்டுல தமிழ் பேசினாலும் ஆசுபத்திரி, ஆபீஸ் சமாச்சாரமெல்லாம் வாயில மலையாளமாத்தான் வரும். மலையாளத்துல பனின்னா காய்ச்சல். நாங்களும் காய்ச்சல் அடிச்சா "பனி புடிச்சிருச்சு"ன்னுதான் சொல்லுவோம். மலைக்காரங்களுக்குப் பனின்னா பனிதான், சன்னலைத் திறந்தா ஊட்டுக்குள்ள வர்ற சங்கதி. இது எங்க யாருக்கும் அதுவரைக்கும் ஒறைக்கலை.

கீமோ ஏத்தி ஒரு வாரம் கழிச்சு, ஒருநாள் காலையில எனக்கு ஒடம்பு சுட்டுச்சு. அக்கா அன்னிக்கு மஸ்டரை வெள்ளனே முடிச்சுட்டுப் போயிட்டாங்க. டீச்சர் ஸ்கேனுக்குப் போயிருந்தாங்க. காய்ச்சல் வந்தா ஒடனே வரோணும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தாரு. இருந்தாலும் நாலு பேரைக் கேப்பமேன்னு குரூப்புல போட்டேன்: "காலையில இருந்து ஒரே பனிங்க. நடுக்கமா இருக்குது."

மூணாறு ஒடனே பதில் போட்டாரு. "இங்கயும் அதே கதைதான். நேத்து மழை, இன்னிக்கு முன்னாடி போற ஜீப்பே தெரியல. ஸ்வெட்டர் போடுங்க, பால் ஊத்தாம கட்டஞ்சாயா குடிங்க, சுகமா இருக்கும்." இன்னொரு அம்மா, "பாக்கவே அழகா இருக்குமே, போட்டோ போடுங்க"ன்னு எழுதுனாங்க. காய்ச்சல்ல என்ன அழகுன்னு எனக்குப் புரியலை. செரி, ஆளைப் பாக்கோணும்னு கேக்கறாங்களாட்ட இருக்குதுன்னு, ஸ்வெட்டரையும் கொரங்குக் குல்லாவையும் மாட்டி ஒரு போட்டோ புடிச்சு அனுப்பினேன். மடமடன்னு ஹார்ட்டா வந்து விழுந்துச்சு. இத்தனை பேரு சந்தோசப்படறாங்க, பயப்பட ஒண்ணுமில்லைன்னு கம்பளியை இழுத்துப் போத்திப் படுத்துட்டேன். ஊட்டுக்காரி தோப்புல தேங்காய் வெட்டுக்கு நின்னுட்டிருந்தா.

உச்சி வெயில் நேரத்துல போன் அடிச்சுது. மெசேஜ் இல்லீங்க, போனு. அக்காதான்.

"கோபாலபுரம், இது என்ன மாசம்?"

"பங்குனிங்கக்கா."

"அங்க வெயிலு எப்பிடி?"

"மண்டையப் பொளக்குதுங்க."

"அப்பம் பனி எங்கருந்து வந்துச்சு?"

"ஒடம்புல இருந்துங்கக்கா."

அப்பறம் மெதுவா, "காய்ச்சலா?"ன்னாங்க.

"அதைத்தானுங்க காலையில இருந்து சொல்லிட்டிருக்கறேன்."

அப்பறம் அவங்க பேசினதைப் பத்திரிகையில போட முடியாது. அதுக்குள்ள ஊட்டுக்காரி வந்துட்டா. தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தா நூத்தி ஒண்ணைத் தாண்டி நின்னுச்சு. "இந்த நிமிசம் வண்டியேறணும். டாக்டரக் கேக்காம ஒரு மாத்திரையும் முழுங்கக் கூடாது"ன்னாங்க அக்கா.

நான் இழுத்தேன். "தேங்காய் வெட்டு நடந்துட்டிருக்குதுங்க. பொழுதெறங்கப் போயிக்கறனே."

"தேங்கா மரத்துல கெடக்கும்யா. நீரு இருக்கணும்லா."

பக்கத்துத் தோப்புக்காரரு கார் எடுத்தாரு. அக்கா போனை வைக்கலை. ஊட்டுக்காரி கையில ஸ்பீக்கர்ல போட்டபடியே போனோம். செக்போஸ்ட்டுல தக்காளி வண்டியும் பால் வண்டியும் வரிசை கட்டி நின்னுச்சு. காக்கிச் சட்டைக்காரரு ஒருத்தரு குனிஞ்சு பாத்தாரு. வெயில்ல கம்பளியும் குல்லாவுமா ஒரு ஆளு உக்காந்திருந்தா யாருக்கும் சந்தேகம் வரும். அவரு வாயத் திறக்கறதுக்குள்ள போன்ல இருந்து அக்கா மலையாளத்துல சத்தம் போட்டாங்க: "சாரே, ஆளுக்குப் பனியாணு, கீமோ எடுக்குன்ன ஆளாணு, வேகம் விடணே." காலையில இருந்து ஒரு குரூப்பே புரிஞ்சுக்காத வார்த்தைய அந்த மனுசன் ஒரே வாட்டியில புரிஞ்சுக்கிட்டாரு. தக்காளி வண்டிய ஓரங்கட்டச் சொல்லி எங்களை அனுப்பி விட்டாரு.

ஆசுபத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. சீக்கை எதுத்து நிக்கற வெள்ளை அணு அடிமட்டத்துக்குப் போயிருந்துச்சு. "பொழுதெறங்கி வந்திருந்தா கதையே வேறைங்க"ன்னு டாக்டர் சொன்னாரு. ஊட்டுக்காரி அங்கயே சேர்ல உக்காந்து அழுதா. நான் அழுகலை. பயத்துல அழுகை வர்லை, அவ்வளவுதான். ஊசி மேல ஊசி போட்டு என்னைத் தேத்தி அனுப்பினாங்க.

நான் ஊடு திரும்பின மறுநாள் மஸ்டர்ல சட்டம் வந்துச்சு. "இனிமே இந்தக் குரூப்புல பனிங்கிற வார்த்த கெடையாது. ஒடம்பு சுட்டா காய்ச்சல். மலைய மறைச்சா மூட்டம். மார்கழி பொறந்தாலும் மூட்டந்தான்." கொஞ்ச நாள் கழிச்சு மூணாறு பாவம், "பணி முடிஞ்சு வந்தேன்"னு எழுதறதுக்கு மூணு சுழிக்குப் பதிலா ரெண்டு சுழியப் போட்டுட்டாரு. அக்கா ஒரு வார்த்தை கேக்கலை, நேரா உப்புதான். டீச்சர் மல்லுக்கட்டி, எழுத்துப்பிழைன்னு எடுத்துச் சொல்லி, அவரைத் திரும்ப உள்ள கொண்டாந்தாங்க.

எல்லா ரவுண்டும் முடிஞ்சு, ஒடம்பு தெளிஞ்சு, மீசையும் மொளைச்சப்பறம் ஆனைக்கரைக்குப் பொறப்பட்டோம். எளனி ஒரு குலை, ஊட்டுக்காரி சுட்ட முறுக்கு ஒரு டப்பா. அந்தக் குரலுக்கு நான் ஆறடி உருவத்தை மனசுல வச்சிருந்தேன். கதவைத் தொறந்தது தலையில துண்டு கட்டின, காத்தடிச்சா பறந்துருவாங்கங்கறாப்பல ஒரு அம்மா. "வாங்க"ன்னது எனக்கே செரியாக் கேக்கலை. "மஸ்டர் அக்கா இருக்காங்களா?"ன்னு கேட்டேன். அந்தம்மா தலையக் குனிஞ்சுட்டு உள்ள போயிட்டாங்க. மகள் சிரிச்சா. "அவுகதான் அண்ணே. நேர்ல பேச்சு வராது அவுகளுக்கு. எஸ்டேட்லயும் மைக்கப் புடிச்சுத்தான் மஸ்டர் எடுப்பாக."

நான் முழிச்சுட்டு நிக்கறப்பவே போன் சிணுங்குச்சு. சமையலறையில இருந்து வாய்ஸ் மெசேஜ், அதே ஸ்பீக்கர்க் குரல்: "எல்லாரும் கேட்டுக்கோங்க. கோபாலபுரம் வந்தாச்சு. ஆளு போட்டோவுல பாத்ததவிடக் கறுப்பு. மீசை சுமார்." சோறு போடறப்ப வந்து மூச்சு விடாமப் போட்டாங்க. உள்ள போயி, "ரெண்டாவது வாட்டி ரசம் வாங்கல, கூச்சப்படுதாரு"ன்னு குரூப்புக்குச் சொன்னாங்க. அகளியில இருந்தும் மூணாறுல இருந்தும் என்னை ரசம் வாங்கச் சொல்லி மெசேஜ் வந்துச்சு.

கை கழுவிட்டு உக்காந்தப்ப மகள் கொரலைத் தணிச்சுக்கிட்டு சொன்னா. "அன்னிக்கு ஒங்களுக்குப் போன் போட்டப்ப அம்மாவுக்கும் கீமோ ட்ரிப் ஏறிட்டு இருந்துச்சுண்ணே. ஊசி குத்துன கையி வீங்கிப் போச்சு. போனை வைங்கன்னு நர்ஸு சண்டை. அவரு போய்ச் சேந்தாத்தான் வைப்பேன்னுட்டாக." சொல்லிட்டு நாக்கைக் கடிச்சா. "ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தாத்தான்னு சொன்னாகண்ணே."

நாங்க சிரிச்சோம். சிரிப்பு அடங்கினதும், "இன்னுமா மருந்து ஏத்தறாங்க?"ன்னு கேட்டேன். "இன்னும் முடியலண்ணே. எப்ப முடியும்னும் சொல்லல"ன்னா. குரூப்புல யாராச்சும் அவங்க ஒடம்பைப் பத்திக் கேட்டா, "எங்கதை எதுக்கு, நீரு தண்ணி குடிச்சீரா?"ன்னு திருப்பி விட்டுருவாங்க. போனை எடுத்து, அங்க உக்காந்தபடியே அவங்களுக்கு மட்டும் பேசி அனுப்பினேன்: "அக்கா, உங்களுக்கு இன்னிக்கு எப்பிடிங்க இருக்குது? பதில் வராம நான் ஊருக்குப் போக மாட்டேன்."

உள்ள பாத்திரம் தேய்க்கற சத்தம் நின்னு போச்சு. பதில் வந்துச்சு. ஸ்பீக்கர்க் குரல் இல்லை, கதவைத் தொறந்தப்பக் கேட்டேனே, அந்தக் குரல். "அசதியாத்தான் இருக்கு தம்பி."

எந்திரிச்சு உள்ள போனேன். எங்க ஊட்டுல நான் ஒரு டம்ளர் கழுவி அறியாதவன்னு ஊட்டுக்காரிக்குத் தெரியும், அவ பின்னாலயே ஓடி வந்து வாசப்படியில நின்னுட்டா. "நவுருங்கக்கா"ன்னு சொல்லி அவங்க கையில இருந்த சட்டிய வாங்கிக்கிட்டேன். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, நான் கடைசிக் கரண்டி கழுவற வரைக்கும் பாத்துட்டே இருந்தாங்க.