கேட்டில் நின்ற பதினொரு லாரிகள்

அன்புள்ள மனைவிக்கு, உன் கணவன் எழுதுவது. நான் நலம், வீடும் நலம், மற்றதை நீ விசாரிக்காமல் இருப்பது இன்னும் நலம்.

நேற்று நம் பேச்சு அறுந்ததற்கு உன் போன் காரணமில்லை, நான்தான். நம் இருவருக்கும் ஓய்வு ஒத்துவருவது இங்கே மதியம் ஒரு மணிக்குத்தான். அதே நேரத்தில் எங்கள் கிடங்கின் நாற்பது கேமராப் பதிவுகளும் என் பொறுப்பிலுள்ள நெட்வொர்க் சுவிட்ச் வழியாக முண்டியடித்துக்கொண்டு போகும். அந்த நெரிசலில் உன் முகம் வாய் திறந்தபடி உறைந்து நிற்கும். நீ வெளிநாட்டு வேலைக்குப் போனதிலேர்ந்து, பதினாலு மாசமா பாதி முகம், பாதி வார்த்தை. "என்னங்க, சாப்ட்..." அதோட நின்னுடும். சாப்ட்டீங்களான்னு கேட்டியா, சாப்டாதீங்கன்னு சொன்னியான்னு தெரியாம டப்பாவைத் திறந்து வெச்சுட்டு உட்கார்ந்திருப்பேன். பொறுக்க முடியாம, சுவிட்ச்ல உன் அழைப்பை முதல் வரிசையில வெச்சேன். முதல் வரிசைக்கு ஓர் அளவு வெக்கணும், இல்லேன்னா பின்னால நிக்கிறவனுக்கு வழியே கிடைக்காது. புதுசா சேர்றவங்களுக்கு நானே எடுக்கிற பாடம் அது. ஆனா உனக்குப் போய் அளவு வெக்க மனசு வரல.

நேத்து நீ பளிச்சுன்னு வந்தே. காதோரம் ஒரு நரை, அதுகூடத் தெரிஞ்சுது. ட்யூட்டி அலுப்புல பேசிக்கிட்டே தூங்கிட்டே. நான் கட் பண்ணியிருக்கணும். ஒண்ணேகால் மணி நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். உன் அழைப்பே லைன் முழுக்க அடைச்சுக்கிட்டதுல, அங்கே லாரிக்குக் குடுக்கிற கேட் பாஸ் ஒண்ணுகூட அச்சாகல. பதினொரு லாரி தெருமுனை வரைக்கும் நிக்குது. ஹாரன் சத்தத்துல நீ முழிச்சு, "என்னங்க, ஊர்வலமா?"ன்னே. "ஒண்ணுமில்ல, தூங்கு"ன்னேன். அப்பத்தான் மேனேஜர் உள்ளே வந்தார். உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுதான் நெரிசலா?"ன்னார். நான் வயரைப் பிடுங்கிட்டேன்.

அந்த ஏற்பாட்டை அழித்துவிட்டேன். இனி ஆபீசிலிருந்து கூப்பிட மாட்டேன், வாரம் ஒரு கடிதம் போடுகிறேன். இன்னும் பத்து மாதம்தானே, பழகிவிட்டேன். வேளைக்குச் சாப்பிடு, கால் வலித்தால் உட்கார்.

உன் அன்புக் கணவன்

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் மேனேஜர் வந்து கதவைச் சாத்தினார். வேலை போச்சுன்னு எழுந்து நின்னேன். "என் பொண்ணு வெளிநாடு போய் மூணு வருஷமாச்சு. அவ முகமும் இப்படித்தான்யா பாதியில நின்னுடுது. லாரிக்கும் வழி விட்டு, அவளுக்கும் வழி விட்டு ஏதாவது பண்ண முடியுமா?"ன்னார். உட்கார்ந்து, உனக்கும் அவர் பொண்ணுக்கும் அளவா வழி வெச்சுட்டேன். நாளைக்கு ஒரு மணிக்குக் கூப்பிடுறேன், கடிதம் அப்புறம்தான் வந்து சேரும். இருந்தாலும் இதைக் கிழிக்கலை. பழகிட்டேன்னு மேலே எழுதினது பொய். உன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.