டேப் சாரும் மீசைப் பையும்

தருமபுரி மாவட்டத்திலேயே ஊசியையும் நூலையும் பரம விரோதிகளாகக் கருதிய ஒரே மனிதர் எங்கள் டேப் சார்தான். கிழிந்தது எதுவானாலும் தைக்கக் கூடாது, ஒட்டத்தான் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. சட்டைப் பை, செருப்பு, குடை, மூக்குக் கண்ணாடி, மொபெட்டின் இருக்கை, ஒருமுறை விரிசல் விட்ட பூசணிக்காய் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான் இருந்தது. இரண்டு விரல் அகலத்தில், துணி மாதிரி முரட்டு நெசவோடு இருக்குமே, அந்த டேப்.

நான் வேலை பார்க்கும் அரசு அலுவலகத்தில் அவர் பதிவறை எழுத்தர். அதியமான்கோட்டையிலிருந்து தினமும் மொபெட்டில் வருவார். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அலுவலகத்துக்கு எதிரே ஒரு தையற்கடை. மதியம் சாப்பிட்டதும் டேப் சார் அங்கே போய் நின்றுகொள்வார், சண்டைக்கு.

"துணிய முந்நூறு எடத்துல குத்தி ஓட்ட போட்டுட்டு, தச்சிட்டன்னு சொல்றியே, இது ஞாயமா?"

"சார், நீங்க போட்டிருக்கிற சட்டையே நான் தச்சதுங்க."

"அதனாலதான்யா கிழிஞ்சிது!"

ஒருமுறை தணிக்கைக்கு ஆள் வந்தார்கள். பழைய கோப்புகளை நாடா போட்டுக் கட்டினால் அவிழ்ந்துவிடுகிறது என்று நம்மவர் அவற்றை நாலு பக்கமும் டேப் சுற்றி வைத்திருந்தார். தணிக்கை அதிகாரி ஒரு கட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்க, இது ஃபைலா, பார்சலா?"

"பத்திரமா இருக்குதுங்க சார்."

"பத்திரமாத்தான் இருக்குது. நான் படிக்கணுமில்ல?"

"படிக்கிறதா இருந்தா முன்னாடியே சொல்லியிருக்கணுங்க."

அன்று அலுவலகம் முழுவதும் கத்திரிக்கோல் தேடியது. கிடைத்த ஒன்றே ஒன்றின் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து யாரோ டேப் சுற்றியிருந்தார்கள். யார் என்று யாரும் கேட்கவில்லை.

டேப் சாரின் மகன் கல்யாணத்தில் அவருடைய பட்டு வேட்டியின் ஓரம் ஆணியில் மாட்டிக் கிழிந்துவிட்டது. மணமேடைக்குப் பின்னால் போய் இரண்டு நிமிடத்தில் வந்தார். அந்த ஆல்பத்தில் எல்லாப் படங்களிலும் அவர் முழங்காலுக்குக் கீழே வெள்ளியாய் ஒரு பட்டை மின்னும். சம்பந்தி வீட்டார் அதை ஏதோ குல வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த மகன் பெங்களூரில் வேலைக்குப் போனான். அவனைப் பார்க்கப் போன டேப் சார், திங்கட்கிழமை காலை ரயிலிலிருந்து நேராக அலுவலகத்துக்கு வந்தார். முகத்தில் பேரன் பிறந்துவிட்டதைப் போல ஒரு களை. மஞ்சள் பையிலிருந்து இரண்டு சுருள்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றில் சிறுத்தைப் புள்ளிகள். இன்னொன்றில் வெள்ளைத் தரையில் வரிசை வரிசையாகக் கறுப்பு மீசைகள். முறுக்கு மீசை, தொங்கு மீசை, அரிவாள் மீசை.

"டேப்புல இப்படியெல்லாம் வருதுங்க மேடம். இத்தன வருசம் சில்வரு, கறுப்பு, அதோட உலகம் முடிஞ்சிதுன்னு இருந்துட்டன்."

"மீசை எதுக்குங்க சார்?"

"சிறுத்த வாங்குனா மீச சும்மா குடுத்தான்."

இதுவரைக்கும் எழுதியது சிரித்துக்கொண்டே எழுதக்கூடியது. இனிமேல் எழுதப்போவதற்குக் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் மகள் கயல் அப்போது எட்டாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வு சமயத்தில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். அடிக்கடி பாத்ரூம் போனாள். இளைத்துக்கொண்டே வந்தாள். பரீட்சைக்குப் படிக்காமல் ஏமாற்ற எழுந்து எழுந்து போகிறாள் என்று நான் திட்டினேன். ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று, "இன்னும் எத்தன தடவ?" என்று கத்தினேன். அந்த வாரமே ஒரு காலையில் வாந்தி எடுத்தாள். ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கினாள். கூப்பிட்டால் பதில் இல்லை. மருத்துவமனையில் மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுவிட்டது, இனி ஆயுசுக்கும் தினம் நாலு ஊசி என்றார் டாக்டர். நல்ல டாக்டர், பொறுமையாகத்தான் சொன்னார். எனக்கு அந்தக் கதவும் என் குரலும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. இப்போதும் கேட்கின்றன.

ஒரு மாத விடுப்பு முடிந்து அலுவலகம் போனேன். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். பாகற்காய் என்றார் ஒருவர். பென்னாகரம் பக்கம் வேர் கொடுக்கிறார்கள் என்றார் இன்னொருவர். இன்சுலினை நிறுத்தினால் பிள்ளை பிழைக்காது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலித்தது. கடைசியாக டேப் சார் வந்து நின்றார்.

"ஒரு நாளைக்கு எத்தன ஊசிங்க?"

"நாலுங்க சார். விரல்ல குத்தி ரத்தம் பாக்கறது தனி."

அவர் ஏதோ கணக்குப் போடுவதைப் போல உதடு அசைந்தது. கணக்கை முடிக்காமல் பதிவறைக்குப் போய்விட்டார். அன்று பூராவும் அவர் எதையும் ஒட்டவில்லை என்று பியூன் வந்து சொன்னார். துக்கச் செய்தி சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

ஊசி போட்டுக்கொள்வதைக் கயல் பழகிக்கொண்டாள். பழகாதது பையைத்தான். மருத்துவமனையில் மருந்து வைக்க ஒரு நீலப் பை கொடுத்திருந்தார்கள்; அதன் மேல் பெரிய எழுத்தில் நோயின் பெயர். முதல் நாளே வகுப்பில் ஒருத்தி, "சக்கரையா? எங்க பாட்டிக்கும் இருக்குதுடி" என்றிருக்கிறாள். சாயந்திரத்துக்குள் கயலுக்குப் 'பாட்டி' என்று பெயர் வந்துவிட்டது. அதன் பிறகு அந்தப் பை எங்கள் வீட்டுத் துணி அலமாரியில் பாவாடைகளுக்கு அடியில் கிடந்தது. மதிய ஊசி போடாமலே வீட்டுக்கு வந்தாள், இரண்டு நாள். இரண்டாம் நாள் சர்க்கரை பார்க்கும் கருவி எண்ணே காட்டவில்லை. 'மிக அதிகம்' என்று மட்டும் காட்டியது.

"எடுத்துட்டுப் போடி கண்ணு. உயிருடி அது."

"நீ எடுத்துட்டுப் போய்ப் பாரும்மா எங்க கிளாசுக்கு. அப்பத் தெரியும்."

மறுநாள் ஒரு கோப்பு எடுக்கப் பதிவறைக்குப் போனவள், அங்கே யாருமில்லை என்று நினைத்து அழுதுவிட்டேன். அலமாரிக்குப் பின்னாலிருந்து டேப் சார் வந்தார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"பைதான மேடம் பிரச்சன?"

ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் கூப்பிடாமலே வீட்டு வாசலில் மொபெட் நின்றது. மஞ்சள் பையில் இரண்டு சுருள்கள், இரண்டு ஜிப், இரும்பு ஸ்கேல், கட்டர். டேப்பால் பை செய்வது எப்படி என்று போனில் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"வெளிநாட்டுப் புள்ள ஒண்ணு செஞ்சி காட்டுச்சுங்க. எட்டு வயசு இருக்கும். பத்தே நிமிசம்."

அவருக்கு மூன்று மணி நேரம் ஆனது. கூடத்து டைல்ஸ் தரையில் உட்கார்ந்தார். பசைப் பக்கம் மேலே தெரியும்படி ஒரு பட்டையைப் போட்டு, அதன் விளிம்பில் நூல் அளவு ஏறும்படி அடுத்த பட்டை, அதற்கடுத்து இன்னொன்று என்று அடுக்கினார். மேலே பசையோடு பசை சேரும்படி இன்னொரு வரிசை. இரண்டு பக்கமும் சிறுத்தைப் புள்ளி தெரிய, ரெக்சின் மாதிரி ஒரு விரிப்பு தயார். ஓரத்தை நறுக்கினார். ஜிப்பின் துணி விளிம்பை விரிப்பின் ஓரத்தில் வைத்து மெல்லிய பட்டையால் ஒட்டினார். மடித்து மறு ஓரத்திலும் அப்படியே. பிறகு இரு பக்கவாட்டையும் டேப் போட்டு அடைத்தார். ஒரு தையல் இல்லை. கயல் தன் அறைக் கதவில் சாய்ந்து, வேறு எதையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா பாப்பா. தொறந்து பாரு."

கயல் வாங்கினாள். திருப்பினாள். இன்னும் ஒருமுறை திருப்பினாள்.

"அங்கிள், ஜிப்போட கைப்பிடி எங்க?"

ஜிப்பை உள்பக்கம் பார்க்க வைத்து ஒட்டிவிட்டார். கைப்பிடி பைக்கு உள்ளே இருந்தது.

"அப்ப இன்சுலினே உள்ளருந்து தொறந்துகிட்டு வெளிய வரணுமா அங்கிள்?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது கூடத்தில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. சிறுத்தைச் சுருள் தீர்ந்துவிட்டது. மீசைதான் மிச்சம்.

"ஐயோ, மீசையா! வேணாம் அங்கிள். கிளாஸே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் பாப்பா. பையப் பாத்துச் சிரிக்கிறவங்க உள்ள என்னா இருக்குதுன்னு கேக்க மாட்டாங்க. சிரிப்பு முடியறதுக்குள்ள நீ ஊசி போட்டுக்கிட்டு வந்துரலாம்."

அவள் யோசித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, "ஜிப்ப நான் வெக்கிறேன். நீங்க தொடாதீங்க" என்றாள்.

மறுநாள் அவள் மீசைப் பையை எடுத்துக்கொண்டு போனாள். இன்சுலின் பேனா, ஊசிகள், சர்க்கரை பார்க்கும் கருவி, குளுக்கோஸ் பொட்டலம் எல்லாம் அதில் அடங்கின. அதற்கடுத்த நாளும் எடுத்துப் போனாள். பள்ளியில் யாராவது கேட்டார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது கலைந்துவிடுமோ என்று பயம்.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளியில் ஒகேனக்கல்லுக்குச் சுற்றுலா என்றார்கள். நான் முடியாது என்றேன். வெயில், நடை, பரிசல், நேரம் தப்பிய சாப்பாடு. கயல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. டாக்டரைக் கேட்டேன், போகட்டும் என்றார். அவள் அப்பாவைக் கேட்டேன்; போகட்டும் என்றார். கையெழுத்துப் போட்டேன்.

அன்று மதியம் ஒன்றரை மணிக்குப் பள்ளி ஆசிரியையின் எண் போனில் தெரிந்தது. எடுப்பதற்குள் நின்றுவிட்டது. திரும்ப அடித்தது.

"கயல் அம்மாங்களா? பயப்படாதீங்க, இப்ப நல்லா இருக்குறா. சாப்பிட லேட்டாயிடுச்சுங்க. வேர்த்து ஊத்தி, பேச்சு குழறி, படியிலயே உக்காந்துட்டா. நான் முன்னாடி போய்ட்டேங்க. ஓடி வர்றதுக்குள்ள புள்ளைங்களே 'மீசைப் பைய எடு, மீசைப் பைய எடு'ன்னு எடுத்து, குளுக்கோஸக் கரைச்சிக் குடுத்துட்டாங்க. விரல்ல குத்திப் பாத்து நம்பர்கூட எழுதி வெச்சிருக்காங்க."

"அவங்களுக்கு எப்படிங்க டீச்சர் தெரியும்?"

"என்னாங்க இப்படிக் கேக்கறீங்க? அந்தப் பை வந்த அன்னைக்கே கிளாஸ் பூரா சுத்தி நின்னு, உள்ள என்னா, இது எதுக்கு, அது எதுக்குன்னு கேட்டுத் தீத்துட்டாங்களே. கயல் பாடமே நடத்திட்டா."

மறுநாள் பதிவறைக்குப் போய் டேப் சாரிடம் சொன்னேன்.

"சார், நீங்க சொன்னது நடக்கலைங்க. எல்லாரும் கேட்டுட்டாங்க."

அவர் முகம் வாடியது. "கேட்டுட்டாங்களா? பாப்பா அழுதுச்சுங்களா?"

மீதியைச் சொன்னேன். அவர் நின்றபடியே கேட்டார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"எத்தன ஸ்பூனு குடுத்தாங்களாம்?"

"மூணுங்க சார்."

"மூணு" என்று தலையாட்டினார். அவ்வளவுதான். அன்று சாயந்திரம் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் செலவில் டீயும் போண்டாவும் வந்தன. எதற்கு என்று கேட்டவர்களிடம், "நான் ஒண்ணு தப்பா சொல்லிட்டங்க" என்று மட்டும் சொன்னார்.

போன வருடம் அவர் ஓய்வு பெற்றார். மகனோடு இருக்கப் பெங்களூர் போய்விட்டார். தினமும் காலை பத்து மணிக்கு, நான் அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் நேரத்துக்கு, அவரிடமிருந்து போன் வரும். நலமா என்று கேட்க மாட்டார்.

"எவ்ளோங்க?"

காலையில் கயல் விரலில் குத்திப் பார்த்த எண்ணைச் சொல்வேன். சரிங்க என்று வைத்துவிடுவார்.

சென்ற வாரம் ஒருநாள் பத்தரை ஆகியும் போன் வரவில்லை. பதினொன்றும் ஆனது. கயல் பள்ளியிலிருந்து அழைப்பு வந்துவிட்டதைப் போலப் பயந்துபோனேன். எனக்குக் கவலைப்பட ஒரு பிள்ளை போதாதா என்று என்னையே திட்டிக்கொண்டு நானே கூப்பிட்டேன். ஏழு முறை மணி அடித்த பிறகு எடுத்தார்.

"சார்ஜ் போட மறந்துட்டங்க மேடம், இப்பதான் போட்டன். எவ்ளோங்க?"

"நூத்திப் பதினெட்டுங்க சார்."

"சரிங்க" என்று வைத்தார். அதன் பிறகுதான் அன்றைய தபாலைப் பிரித்தேன்.